காரையாறு அணையும் அத்தையின் அடுப்பும்: ஒரு நிகழ்வு ஆய்வு

என் அத்தையோடு விறகுக்கு மலையேறிப் போனது இரண்டே தடவைதான். 1980களின் நடுவில், பள்ளி விடுமுறையில். நெல்லைச் சீமையில், பாபநாசம் மலையடிவாரத்தில் இருக்கும் சிற்றூர் அவளுடையது. விடியுமுன் நாலு மணிக்கே எழுப்பிவிடுவாள். தூக்குச்சட்டியில் பழைய சோறு, இடுப்பில் அரிவாள், சும்மாடு கோல ஒரு பழஞ்சேலைக் கிழிசல். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக ஏறுவார்கள். போகும்போது ஊர்க்கதை ஓயாது. இறங்கும்போது ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாள். கழுத்து நரம்பு புடைத்து நிற்கும், மூச்சு மட்டும் கேட்கும்.

அங்கே ஒரு சங்கதியைப் பார்த்தேன், அதன் அர்த்தம் வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. காய்ந்த விறகை எடுத்தால் வனத்துறை வாட்சர் பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டார், பச்சையாக வெட்டினால் பிடித்துக்கொள்வார். கிட்டத்தில் சுள்ளியெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. ஆகவே அத்தை ஒரு வெக்காலி மரத்தின் நடுக்கிளையைப் பாதிவரை கொத்தி, முறித்துத் தொங்கவிட்டுவிட்டு வந்தாள். “அடுத்த வாரம் வந்தா காஞ்சு கெடக்கும்லா” என்றாள். போன வாரம் அப்படி முறித்தது அன்றைக்குக் கட்டாக அவள் தலையில் இருந்தது. சட்டப்படி அது காய்ந்த விறகு. இப்படி ஒவ்வொரு கட்டும் ஒரு வாரம் முன்னாடியே பச்சையாக வெட்டப்பட்டதுதான். ஒரு நாள் கட்டு வீட்டுக்கு, அடுத்த நாள் கட்டு டீக்கடைக்கு. டீக்கடைக் காசில்தான் அரிசி.

அந்தச் சரிவுக்குப் பின்னால்தான் அணை. அன்று அது எனக்குத் தோன்றவே இல்லை.

அணையும் அதற்கு மேலே உள்ளதும்

நெல்லைச் சீமையில் காலையில் டீக்கடைப் பேப்பரைப் புரட்டுகிறவர் முதலில் பார்ப்பது பாபநாசம் அணையில் எத்தனை அடி என்பதைத்தான். 143 அடி என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மாதிரி. நாங்கள் மேலணை என்றும் காரையாறு அணை என்றும் சொல்வது இதைத்தான். தாமிரபரணிக்குக் குறுக்கே வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசிக் காலத்தில் கட்டியது. 1944-லிருந்து கீழே மின்சாரம் எடுக்கிறார்கள். பிறகு 1986-ல் சேர்வலாறு அணை வந்தது, 156 அடி. இரண்டையும் மலைக்குள் ஒரு சுரங்கம் இணைக்கிறது. தெற்கே மணிமுத்தாறு அணை 118 அடி, 1958-ல் முடிந்தது. மேலணையும் மணிமுத்தாறும் ஆளுக்கு ஏறத்தாழ ஐந்தரை டி.எம்.சி. தண்ணீர் பிடிக்கும்.

இந்தத் தண்ணீரை நம்பி, பழைய அணைக்கட்டுகளின் வழியாக, 86 ஆயிரம் ஏக்கருக்கு மேல் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளைகிறது. நெல்லை, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்கள் குடிப்பதும் இதைத்தான். விருதுநகர்ப் பக்கத்துச் சில ஊர்களுக்கும் குழாய் போகிறது.

அணைக்கு மேலே பொதிகை. சாரல் மாதங்களில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. சோலைக்காட்டின் தரையில் ஒரு சாண் ஆழத்துக்கு இலைமக்கு கிடக்கும், கையை விட்டால் பஞ்சு போல இறங்கும். மழை நின்று இரண்டு மூன்று மாதம் ஆன பிறகும் ஓடைகள் நிற்காமல் வருவது அதனால்தான். அந்த மக்கு போய், மண் வெளியே தெரிந்தால், அடுத்த மழையில் மண் அணைக்குள் இருக்கும். அணைக்குள் வந்த மண்ணை எடுப்பது லேசான காரியமில்லை. லாரி விட வேண்டும், லாரிக்குச் சாலை வேண்டும், அதுவும் புலிகள் காப்பகத்துக்கு நடுவே. மண் வராமல் பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு வழியே கிடையாது என்று சொல்லலாம்.

முண்டந்துறை 1962-லேயே புலிகள் சரணாலயம். களக்காடு 1976-ல் சிங்கவால் குரங்குக்காகச் சரணாலயம் ஆனது. இரண்டையும் 1988-ல் சேர்த்துக் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். தாளில் எல்லாம் ஆகிவிட்டது. அத்தை மட்டும் வழக்கம்போல நாலு மணிக்கு ஏறிக்கொண்டிருந்தாள்.

அடுப்பை மாற்றியது

1990களின் நடுவில் உலக வங்கி உதவியோடு சூழல் மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று வந்தது. காப்பக எல்லையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர்களில் கிராம வனக்குழு அமைத்தார்கள். எனக்குத் தெரிந்தவரை இதில் உருப்படியான யோசனை ஒன்றே ஒன்றுதான்: பணத்தை மானியமாகக் கொடுத்து முடித்துவிடாமல், குழுவின் கையில் சுழல்நிதியாக விட்டது. ஒருத்தி பால்மாடு வாங்கக் கடன் எடுப்பாள், தவணை கட்டி முடித்தால் அதே பணம் அடுத்தவளுக்குத் தையல் மிஷினாகப் போகும். கூடவே புகையில்லா அடுப்பு, சாண எரிவாயுக் கலன், பிறகு கேஸ் இணைப்பு.

புகையில்லா அடுப்பை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. எங்கள் அத்தை அதன் மேல் நெல்லுப் பெட்டியை வைத்திருந்தாள். மாடு வேலை செய்தது. மலைக்குப் போனால் ஒரு நாள் முழுக்கப் போகும், மாடு வைத்திருப்பவளுக்குக் காலையும் மாலையும் வீட்டில் இருந்தாக வேண்டும். விறகு விற்றுக் கிடைத்த காசு பாலில் வந்தது. டீக்கடைக்காரர்தான் இரண்டுக்கும் கிராக்கி, விறகுக்குப் பதில் பால் வாங்கினார். அவர் அடுப்பும் பின்னால் கேஸுக்கு மாறிவிட்டது.

எல்லாப் புகழையும் அந்தத் திட்டத்துக்கே கொடுத்துவிட முடியாது. ஆலங்குளம், முக்கூடல், கடையம் வட்டாரமெங்கும் பெண்கள் பீடி சுற்றினார்கள். உட்கார்ந்த இடத்தில் காசு வரும்போது யார் மலையேறுவார்? அது நெஞ்சுக்கு நல்ல தொழில் இல்லை என்பது வேறு கதை. காட்டுக்கு நல்லதாகப் போயிற்று, அவ்வளவுதான். அப்புறம் 2006-ல் தொடங்கிய நூறு நாள் வேலை. 2007 தொடக்கத்திலிருந்து மாநில அரசு கொடுத்த இலவச கேஸ் அடுப்பு. நாலைந்து சங்கதி ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்ததில் விறகுப்பாதை மூடிக்கொண்டது. பெண்களின் பாதம் பட்டு வழுவழுவென்று இருந்த அந்தத் தடத்தை, பத்து வருஷம் கழித்துப் போனபோது என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு பக்கம் உண்ணிமுள் என்ற வெளிநாட்டுக் களைப்புதர் அடைத்திருந்தது, அதுதான் வருத்தம். மறுபக்கம் மரங்கள், அடிமரத்தில் பழைய வெட்டுத் தழும்போடு, நாலு நாலு கிளையாகத் துளிர்த்து நின்றன. அவற்றை யாரும் நடவில்லை. வேர் மண்ணுக்குள் உயிரோடு இருந்தது, அரிவாள் வருவது நின்றதும் எழுந்துவிட்டது.

தண்ணீருக்குள் போன கன்றுகள்

நட்ட கதையும் ஒன்று உண்டு, அது எங்கள் மானத்தை வாங்கிய கதை. நான் கல்லூரியில் படித்தபோது ஒரு முகாம் போட்டு, ஒரு நீர்த்தேக்கத்தின் விளிம்பில் மரக்கன்று நட்டோம். புங்கன், நாவல், நீர்மருது. புரட்டாசி மாதம், தண்ணீர் எங்கோ பள்ளத்தில் கிடந்தது, சுற்றிலும் அகலமாகச் செம்மண் வளையம். “இவ்வளவு மொட்டையா கெடக்கே” என்று எங்களுக்கு ஒரே வேகம். குழி தோண்டி, எரு போட்டு, முள் கட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு வந்தோம். கார்த்திகையில் மழை கொட்டியது. தை மாதம் போய்ப் பார்த்தால் கன்று நின்ற இடத்துக்கு மேல் இரண்டாள் தண்ணீர்.

நாங்கள் நட்டது அணையின் முழுக் கொள்ளளவுக் கோட்டுக்குக் கீழே. அந்த வளையம் ஏன் மொட்டையாக இருக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். வருஷத்தில் பாதி நாள் தண்ணீருக்குள்ளும் மீதி நாள் காய்ந்தும் கிடக்கிற நிலத்தில் மரம் எப்படி நிற்கும்? நாங்கள் கேட்கவில்லை, கூட வந்த பெரியவர்களும் சொல்லவில்லை. ஓரமாக நின்ற ஒரு மதகுப் பணியாளர் மட்டும், “தம்பி, தண்ணி இங்கன வரும்” என்றார். அவரை யாரும் காதில் வாங்கவில்லை.

அந்த வளையம் வீணான நிலமும் இல்லை. பல வருஷம் கழித்து, வனத்துறை அனுமதியோடு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு, வைகாசியில் தண்ணீர் இறங்கியிருந்த சமயம் மேலணை ஓரம் நடந்தேன். ஈரம் காயாத சேற்றில் பச்சைப்பசேலென்று குட்டைப்புல். அதில் மிளா மானின் குளம்புத் தடம், காட்டுமாட்டின் அகலத் தடம். ஒரு பாறை மேல் நீர்நாயின் எச்சம். ஒரு மாணவி குச்சியால் கிளறினாள். நண்டு ஓட்டுத் துணுக்குகள், மீன் செதில், கண்ணாடித்தூள் மாதிரி மினுங்கியது. காய்ந்தபின் வாடை அவ்வளவாக இல்லை. ஒரே பாறையில் பழசும் புதுசுமாக ஏழெட்டுக் குவியல் இருந்தது. வீட்டுக்காரர் வந்து போகும் வாசல்படி என்று அர்த்தம். தண்ணீர் இறங்கும் கோடையில் மான் இனங்களுக்கு மேய்ச்சலும் நீர்நாய்க்கு நண்டும் அங்கேதான். நாங்கள் அதையும் மரமாக்கப் பார்த்தோம்!

ஆடி அமாவாசை

அன்றாட நெருக்கடி குறைந்தாலும், வருஷத்துக்கு ஒரு முறை வருவது இன்னும் குறைந்தபாடில்லை. காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் பல சாதிக்காரர்களுக்குக் குலசாமி. ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கில் ஜனம் வரும். ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்கி, கிடா வெட்டிப் பொங்கி, பூக்குழி பார்த்துப் போவது தலைமுறை தலைமுறையாக வருகிற பழக்கம். சிங்கம்பட்டி ஜமீன் முருகதாஸ் தீர்த்தபதி 2020-ல் காலமாகும் வரை, ராஜ உடையில் வந்து உட்கார்ந்து தரிசனம் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். அதே கோவிலில் இருக்கும் பட்டவராயன் என்ற சாமிக்குச் செருப்பு நேர்ந்து கட்டுவார்கள். அடுத்த வருஷம் பார்த்தால் தேய்ந்திருக்கும், ராத்திரி போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றி வருகிறார் என்பது நம்பிக்கை. சம்பளம் வாங்காத வாட்சர் அவர் ஒருவர்தான்.

சிறு வயதில் நாங்கள் ஒரு வாரத்துக்கு மேல் தங்கியிருக்கிறோம். அப்போதெல்லாம் தையல் இலை, மண்சட்டி. அடுப்புக்கு விறகு மட்டும் அதே ஆற்றங்கரை மரம்தான். யோசித்துப் பார்த்தால், அத்தை ஊர்ப் பெண்கள் பல மாதம் கொண்டுவந்த விறகை அந்தச் சில நாளில் எரித்திருப்போம். பின்னால் பிளாஸ்டிக் வந்தது. அமாவாசை முடிந்த மூன்றாம் நாள் மாணவர்களோடு குப்பை பொறுக்கப் போனபோது, ஒரே ஒரு நீர்மருதின் வேருக்கிடையில் எடுத்ததைச் சொல்கிறேன்: தண்ணீர்ப் பாட்டில்கள், ஷாம்பு சாஷே சரம் சரமாக, தெர்மாகோல் தட்டு, பாதி எரிந்த தார்ப்பாய், குழந்தையின் ஒற்றைச் செருப்பு. அது நேர்ந்துகொண்டதா தவறவிட்டதா என்று ஒரு பையன் கேட்டான். எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் அதைக் கொண்டுபோய்க் கோவில் வாசலில் வைத்தோம்.

இப்போது தங்கும் நாளைக் குறைத்திருக்கிறார்கள். பாபநாசம் செக்போஸ்டில் பிளாஸ்டிக்கைப் பிடுங்குகிறார்கள், தனியார் வண்டிகளை நிறுத்தி அரசுப் பேருந்தில் ஏற்றுகிறார்கள். பக்தர்களுக்குக் கோபம்தான். “எங்க சாமியப் பாக்க நீ என்ன சீட்டு குடுக்கது?” என்று ஒரு அண்ணாச்சி செக்போஸ்டில் நின்று கத்தியதில் நியாயம் இல்லாமல் இல்லை. காடு அந்தச் சாமிக்கு உரியது என்றுதான் அந்த இடம் இவ்வளவு நாள் மிஞ்சியது. மணிமுத்தாறில் இருக்கும், ஏட்ரீ என்ற சூழல் ஆய்வு நிறுவனத்தின் அகத்தியமலை மையத்துக்காரர்களும் தன்னார்வலர்களும் அமாவாசை நாட்களில் ஆளோடு ஆளாக நின்று பேசிப் பேசித்தான் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டு வருகிறார்கள். அதே மையம்தான் 2011-லிருந்து பொங்கலை ஒட்டித் தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. பறவை எண்ண வந்த கல்லூரிப் பிள்ளைகள் பலர் ஆடி மாதம் குப்பை பொறுக்கவும் வருகிறார்கள்.

மலையிலிருந்து சுத்தமாக இறங்கும் தண்ணீர், பாபநாசம் படித்துறைக்கு வந்ததும் பரிகாரம் என்று கழற்றிவிடும் துணிகளைச் சுமக்க ஆரம்பித்துவிடுகிறது. அணைக்கு மேலே நாற்பது வருஷம் பாடுபட்டது, கீழே படித்துறையில் கெட்டுப்போகிறது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

காடு கீழே இறங்கியபோது

காடு தேறியதற்கு ஒரு விலையும் உண்டு, அந்த விலையைக் கொடுப்பது அதே அடிவாரத்து ஊர்கள். பன்றி நிலக்கடலையைக் கிளறுகிறது, யானை வாழையைச் சாய்க்கிறது, கரடி தெருவுக்கே வருகிறது. சிறுத்தை ஆட்டைத் தூக்கிப் போய், கூண்டு வைத்துப் பிடித்ததும் நடந்திருக்கிறது. சோலார் வேலி போட்டார்கள். போட்ட வருஷம் நன்றாக இருந்தது. பிறகு பாட்டரி போனது, கொடி படர்ந்தது, யானை காய்ந்த மரத்தைத் தள்ளிக் கம்பியை மிதித்துப் போகப் பழகியது. வேலிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் பராமரிப்புக்கு ஒதுக்குவதில்லை. விறகை விட்டுக்கொடுத்த பெண்ணின் வயலில்தான் பன்றி வருகிறது, நஷ்டஈட்டு மனுவுக்கு அவள் எத்தனை படி ஏற வேண்டியிருக்கிறது என்பதைக் கூடப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்த நிகழ்வில் ஆகக் கெட்ட பகுதி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மாஞ்சோலை

மணிமுத்தாறு அணைக்கு மேலே இருப்பது வேறு மாதிரிச் சிக்கல். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன், 8,373 ஏக்கர் மலையை பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலை ஆயிற்று. குத்தகை 2028-ல் முடிகிறது. 2018-ல் அந்த நிலம் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2024-ல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து இறக்கினார்கள். அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ எஸ்டேட்டை எடுத்து நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை அந்த டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. இதே தொழிலாளர்களின் கூலிக்காக நடந்த ஊர்வலத்தில்தான், 1999 ஜூலை 23 அன்று, இதே தாமிரபரணியில் பதினேழு உயிர் போயிற்று.

தேயிலையை அப்படியே விட்டால் காடாகிவிடும் என்று கீழே இருந்து சொல்கிறோம். கவாத்து செய்யாமல், அதாவது கிளையை நறுக்காமல், விட்ட தேயிலை முதலில் மரமாகத்தான் ஆகும். இடைவெளி இல்லாமல் நிரை நிரையாக இருட்டிக்கொண்டு நிற்கும். சிங்கவால் குரங்குக்குச் சோறு போடும் வெடிப்பலாவின் விதை பெரிது, காற்றில் பறந்து வந்து விழுகிற சரக்கில்லை. அத்தையின் சரிவில் வேர் மிச்சமிருந்தது, இங்கே நூறு வருஷத்துக்கு முன்பே வேரோடு போய்விட்டது. ஆக இங்கே நாற்றங்கால் வேண்டும், நிரையை இடைவெட்டி இடம் விட வேண்டும், உண்ணிமுள் வராமல் வருஷாவருஷம் பார்க்க வேண்டும். எந்தச் சரிவில் அட்டை அதிகம், எந்த ஓடை சித்திரையிலும் வற்றாது, எந்த முடுக்கில் யானை திரும்பும் என்றெல்லாம் தெரிந்தவர்கள் நாலைந்து தலைமுறையாக அங்கே கொழுந்து கிள்ளியவர்கள். அந்த வேலைக்குத் தினக்கூலியாகவாவது அவர்களை அழைக்கலாமே என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். குறித்துக்கொண்டார்கள். முண்டந்துறைப் பக்கம் காணிக்காரப் பழங்குடிகளை வேட்டைத் தடுப்புக் காவலர்களாகவும் தீக்காவலர்களாகவும் வைத்து நடத்துகிறார்கள், ஆகவே முடியாத காரியம் என்று சொல்லிவிட முடியாது.

அத்தை

2022-ல் சிலிண்டர் ஆயிரம் ரூபாயைத் தாண்டியபோது எனக்கு அத்தை ஞாபகம்தான் வந்தது. அடிவாரத்து ஊர்களில் சில பெண்கள் மறுபடி அரிவாளோடு போவதாகக் கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். அவளுக்கு எண்பது இருக்கும். கேஸ் அடுப்பு மேல் ஒரு பூப்போட்ட துணி விரித்திருந்தது. முற்றத்தில் மூன்று கல், அதில் கொதும்பும் பாளையும் எரிந்துகொண்டிருந்தது, குளிக்க வெந்நீர். கொல்லையில் தென்னைமட்டை ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தது.

“மலைக்குப் போறாகளா அத்த, பொம்பளைக?”

“நாலஞ்சு பேரு போறாளுவ. எல்லாம் நடக்கத் தெரியாத கழுதைக. பாதையே இல்ல, எங்க போவாளுவ? ரெண்டு சுள்ளியப் பெறக்கிக்கிட்டு, கரடியக் கண்டோம்னு ஓடியாறாளுவ.” சிரித்தாள். பிறகு கழுத்தைத் தடவிக்கொண்டாள். அவளுக்கு இன்றும் இடப்பக்கம் திரும்பினால் வலிக்கும்.

திண்ணையில் பேப்பர் கிடந்தது. “மருமவனே, மேலணையில எத்தன அடி போட்டிருக்கான்?”

சொன்னேன்.

“அப்பம் காருக்குத் தொறந்துருவான்” என்று எழுந்து, அடுப்பில் இன்னொரு மட்டையைத் தள்ளிவிட்டாள்.